மூடிய பெட்டியும் திறந்த தாங்கியும்

நாற்பத்திரண்டு ஆண்டுகள் சிகரட் புகைத்தவன் நான். 1974 ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு நாளிதழில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்த முதல் மாதத்தில் பற்றவைத்த நெருப்பை 2016 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் லண்டனில் அணைத்தேன். அதன் பின்னர் இன்றுவரை ஒரு சிகரட்டைத்தானும் தொட்டதில்லை. இதை மனவுறுதியின் வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்கு விருப்பந்தான். ஆனால் உண்மை அதுவன்று. மனவுறுதியை நம்பி ஆறு தடவை விட்டு, ஆறு தடவையும் தோற்றவன் நான். ஏழாவது தடவை எனக்குக் கைகொடுத்தது பெருவிரல் அளவேயான ஓர் உலோகக் கருவி.

அந்தக் கருவியைப் பற்றி எழுதுமாறு நண்பர்கள் சிலர் நெடுநாளாகக் கேட்டு வந்தனர். தள்ளிப்போட்டு வந்தேன். ஒரு பழக்கத்தை விட்டவன் இன்னொரு பழக்கத்துக்குப் பறை அறைவது முறையா என்ற தயக்கமே காரணம். இப்போது எழுத நேர்ந்தமைக்கு என் வீட்டிலேயே நடந்த ஒரு சம்பவம் காரணம். அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் ஒரு நிபந்தனை. புகைப்பழக்கம் இல்லாதவர்கள் இக்கட்டுரையை வாசிக்கலாம், பின்பற்றக் கூடாது. சிகரட்டை விடமுடியாமல் அல்லற்படும் முதிர்ந்தவர்களுக்காக மட்டுமே இது எழுதப்படுகிறது.

எங்கள் காலத்து ஆசிரியபீடத்தைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஈய எழுத்துக் கோத்த காலம் அது. இரவு முதற்பக்கம் முடியும்வரை மேசைக்கு மேசை சாம்பற்கிண்ணம் நிறைந்திருக்கும். தலைப்பு அமையாவிட்டால் ஒரு சிகரட். அமைந்துவிட்டால் அந்த மகிழ்ச்சிக்கு இன்னொன்று. எனக்கு எதிர் மேசையிலிருந்து பக்கம் அமைத்த நண்பர் 2013 ஆம் ஆண்டு சுவாசப்பைப் புற்றுநோயால் காலமானார். கடைசியாக அவரைப் பார்த்துவிட்டு வைத்தியசாலை வாசலுக்கு வந்த நான் செய்த முதல் வேலை, ஒரு சிகரட்டைப் பற்றவைத்தது. அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஆண்டு மகளிடம் லண்டனுக்கு வந்தேன். குளிர்காலத்தில் புகைப்பதற்காகப் பின்வளவில் நின்று நடுங்கும் கிழவனைக் கண்டு இரங்கிய என் சகோதரியின் மகன், பேனா போன்ற ஒரு மின்சிகரட்டை வாங்கித் தந்தான். அப்போதுதான் அதன் வரலாற்றையும் தேடி வாசித்தேன். இன்று நாம் அறிந்த மின்சிகரட்டை உருவாக்கியவர் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர். அவரும் கடும் புகைகாரர். தகப்பனாரைச் சுவாசப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 2003 ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டு சீனாவில் விற்பனைக்கு வந்தது.

நான் பெற்ற பேனாவின் தலைப்பகுதியில் சுருளும் பஞ்சும் ஆலையிலேயே பொருத்தி மூடப்பட்டிருந்தன. பத்து நாளில் அது கருகும். புதிது வாங்கிப் பொருத்த வேண்டும். ஒரு தலை நன்றாக அமையும், அடுத்தது ஒழுகும், அதற்கடுத்தது முதல் இழுவையிலேயே தீய்ந்த நாற்றம் வீசும். ஏன் என்று அறிய வழியில்லை. திறந்து பார்க்க முடியாது. நல்லதொரு தலை கிடைக்காத நாட்களில் கால்கள் தாமாகவே மூலைக் கடைக்கு நடந்தன. இவ்வாறு இரண்டு தடவை சிகரட்டுக்குத் திரும்பினேன்.

மூன்றாவது முறை முறைப்பாட்டுடன் சென்றபோது, கடையில் வேலை செய்த போலந்து இளைஞன் ஒருவன், “நீங்களே கட்டப் பழகினால் என்ன?” என்று கேட்டான். கண்ணாடி அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் கழற்றி வைத்தான். என் வாழ்வில் புகைப்பழக்கம் முடிவுக்கு வந்தது அந்த மேசையிலேயே என்று சொல்வேன்.

ஆங்கிலத்தில் அதன் பெயரை ஆர்.ரி.ஏ. என்று சுருக்குவர். தமிழில், ‘மீளக் கட்டக்கூடிய தாங்கி ஆவியாக்கி’ எனலாம். பெயர்தான் நீளம், பொருள் எளிது. அடியில் ஒரு தளம். அதில் திருகாணிகளுடன் இரு தூண்கள். ஒன்று பற்றரியின் நேர்முனைக்கு, மற்றையது எதிர்முனைக்கு. தூண்களுக்கிடையே தடைக்கம்பியாலான ஒரு சுருள். சுருளின் துளையூடாகப் பஞ்சுத் திரி. அதன் மேல் மணி வடிவ மூடியும் ஒரு சிறு குழாயும். இவற்றைச் சூழக் கண்ணாடித் தாங்கி. திரவம் இருப்பது அதில். திரியின் இரு நுனிகளும் தளத்து வாய்க்கால்களில் இறங்கித் திரவத்தை உறிஞ்சும். பொத்தானை அழுத்தச் சுருள் சூடேறும். பஞ்சிலுள்ள திரவம் ஆவியாகும். கீழிருந்து வரும் காற்று ஆவியைக் குழாய்வழியே வாய்க்குக் கொணரும். இதில் எதுவும் எரிவதில்லை. தாரும் காபனோரொட்சைட்டும் எரிதலால் வருபவை. புகைக்கும் ஆவிக்கும் உள்ள பெரும் வேறுபாடு அதுவே.

1990களில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிய வித்தையன்று. மண்ணெண்ணெய் தட்டுப்பாடான அந்தக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில்தான் நாங்கள் செய்தி எழுதினோம். திரி தடித்தால் எண்ணெய் ஏறாது. மெலிந்தால் புகை கக்கும். பஞ்சு எவ்வளவு என்பதை விரல்தான் சொல்லும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, லண்டனில் அதே விரல் அதே கணக்கைப் போட்டது.

இனித் தெரிவு பற்றி. கடைக்குள் நுழைந்தால் நூறு வகை கண்ணில் படும். பெரும்பாலானவை நம்மைப் போன்றோருக்கு ஏற்றவையல்ல. சிகரட்டை நாம் இழுப்பது, முதலில் வாயில் நிறைத்துப் பின்னர் நெஞ்சுக்கு இறக்கும் முறையில். மேகம் போல் ஆவி விடும் இளைஞர்களின் கருவிகளோ நேரே நெஞ்சுக்குள் இழுப்பதற்கானவை. அகன்ற காற்றுவழி, உயர்ந்த வலு, மிகுந்த திரவச் செலவு. புகைகாரன் முதலில் அதை எடுத்தால் இருமித் தள்ளிவிட்டுச் சிகரட்டுக்கே போவான். ஆகவே, வாயிலிருந்து நெஞ்சுக்கு இழுக்கும் ஒடுங்கிய காற்றுவழிக் கருவி வேண்டும் என்று கேளுங்கள். காற்றுத் துவாரம் ஒரு மில்லிமீற்றர் முதல் ஒன்றரை மில்லிமீற்றர் வரை மாற்றக்கூடியதாக இருந்தால் போதும்.

அடுத்தது தளம். ஒரே சுருள் கட்டும் தளமாக இருக்கட்டும்; இரட்டைச் சுருள் நமக்கு வேண்டாத வேலை. தூண்களுக்கிடையே விரல் நுழையாவிட்டாலும் சாமணம் தாராளமாக நுழைய வேண்டும். திருகாணியை இறுக்கும்போது கம்பி நழுவி வெளியே ஓடாதபடி தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முதுமையில் கை நடுங்கும் என்னைப் போன்றோருக்கு இது சிறிய விடயமன்று. 22 மில்லிமீற்றர் விட்டமுள்ளவை பெரும்பாலான பற்றரிப் பெட்டிகளுடன் ஒட்டிப் பொருந்தும். மேலிருந்து திரவம் ஊற்றும் வகை வசதியானது. மாற்றுக் கண்ணாடியும் றப்பர் வளையங்களும் தனியே கிடைக்குமா என்பதைக் கேட்டறியாமல் வாங்க வேண்டாம். நழுவி விழுந்து கண்ணாடி உடையும் நாள் ஒன்று வந்தே தீரும்.

இவ்வகைக் கருவிகளில் பெயர்பெற்றது ஜெர்மனியின் கைஃபன். அதைப் பின்பற்றியும் அப்பட்டமாக நகலெடுத்தும் சீனத்தின் ஷென்சென் நகர ஆலைகள் எண்ணற்றவற்றை வெளியிட்டன. மலிவானது எல்லாம் கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் எதை வாங்கினாலும் முழுவதும் கழற்றி, வெந்நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் கழுவி உலர்த்துங்கள். திருகுமரைகளில் ஆலையின் இயந்திர எண்ணெய் ஒட்டியிருக்கும். அது நுரையீரலுக்கு உரியதன்று. பிரித்தானியாவில் 2016 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த விதிகளின்படி தாங்கியின் கொள்ளளவு 2 மில்லிலீற்றரைத் தாண்டக் கூடாது. நிக்கொட்டின் திரவம் 10 மில்லிலீற்றர் போத்தலுக்கு மேல் விற்கப்படலாகாது. நிக்கொட்டினின் செறிவு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது.

பற்றரிப் பெட்டி எதுவென்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. சுருளின் தடையைத் தானே அளந்து காட்டி, குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மின்னை நிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள பெட்டியே வேண்டும். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல், பற்றரியையும் சுருளையும் நேரே இணைக்கும் வெறும் உலோகக் குழாய்களும் விற்பனையில் உண்டு. அவற்றைத் தொடாதீர்கள். சாதாரண தர வகுப்பில் படித்த ஓமின் விதியை நினைவுகூருங்கள். நிறைந்த பற்றரி 4.2 வோல்ற்று. சுருளின் தடை 1.1 ஓம் எனில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 3.8 அம்பியர், எந்த நல்ல பற்றரியும் தாங்கும். அதே குழாயில் 0.1 ஓம் சுருளைப் பூட்டினால் 42 அம்பியர். நல்ல 18650 வகைப் பற்றரிகள் தொடர்ந்து தாங்குவதோ 20 முதல் 30 அம்பியர். மிகுதி வெப்பமாகும், சில வேளை வெடிப்பாகும். 2018 இல் புளோரிடாவிலும் 2019 இல் டெக்சாசிலும் இத்தகைய கருவிகள் வெடித்து இருவர் உயிரிழந்தனர். பற்றரியைச் சட்டைப்பையில் சாவியோடும் சில்லறையோடும் போடாதீர்கள். அதன் மேலுறை கிழிந்தால் அன்றே உறையை மாற்றுங்கள். முடியாவிட்டால் பற்றரியையே கைவிடுங்கள்.

இனிக் கட்டுமானம். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கந்தால் என்னும் தடைக்கம்பியே தொடங்குவதற்கு ஏற்றது. 28 ஆம் இலக்கக் கம்பி போதும். இரண்டரை மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆணி ஒன்றில் ஆறு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 1.1 ஓம் வரும். அந்த ஆணியைச் சுருளினுள் வைத்தபடியே கால்களைத் தூண்களில் இறுக்குங்கள். எஞ்சிய கம்பியை ஒட்ட வெட்டுங்கள். மூடியில் முட்டினால் குறுக்குச்சுற்றாகும். சுருள் காற்றுத் துவாரத்துக்கு நேர் மேலே, தளத்தைத் தொடாமல் நிற்க வேண்டும்.

பஞ்சு வைக்குமுன் குறைந்த வலுவில் ஓரிரு விநாடி அழுத்திப் பாருங்கள். சுருள் நடுவிலிருந்து இருபுறமும் ஒரேசீராகச் சிவக்க வேண்டும். ஓரிடம் மட்டும் முந்திச் சிவந்தால், ஆறவிட்டுச் சாமணத்தால் சுற்றுகளை நெருக்கி மீண்டும் பாருங்கள். பஞ்சு உள்ளிருக்கும்போது ஒருபோதும் இவ்வாறு செய்யலாகாது, தீப்பற்றும்.

பின்னர் பஞ்சு. முறுக்கிய நுனியைச் சுருளினூடாக இழுக்கும்போது சிறிது பிடித்துக்கொண்டு வர வேண்டும். சுருளையே இழுத்து வளைத்தால் பஞ்சு அதிகம், தடையின்றி ஓடினால் குறைவு. இருபுற வால்களையும் தளத்தின் விளிம்பளவுக்கு வெட்டி, நுனிகளைச் சாமணத்தால் கோதி மென்மையாக்கி, வாய்க்கால்களில் திணிக்காமல் படுக்கவையுங்கள். வாய்க்காலில் பஞ்சு போதாவிட்டால் தாங்கி ஒழுகும்; இறுகினால் திரவம் ஏறாது. திரவத்தால் பஞ்சை நன்றாக நனைத்து, பூட்டி, தாங்கியை நிரப்பி ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். 12 அல்லது 13 வாற்றில் தொடங்குங்கள்.

நான் முதலிற் கட்டிய ஏழெட்டும் பாழ். ஒரு திருமண வீட்டில் சட்டைப்பை முழுவதும் ஒழுகி, மணவறைக்கு முன்னால் புதினா வாசனையோடு நின்றேன். இன்னொரு நாள் பஞ்சை இறுக்கித் திணித்ததால் வந்த உலர்ந்த இழுவையில் தொண்டை மூன்று நாள் எரிந்தது. ஆனால் இம்முறை காரணம் தெரிந்தது. திறந்தேன், பார்த்தேன், திருத்தினேன். அந்த உலர்ந்த இழுவையை எவரும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. பஞ்சு வறண்ட நிலையில் மிகைவெப்பமடையும் திரவத்தில் போர்மல்டிகைட்டு போன்ற நச்சுப்பொருட்கள் பெருமளவில் உண்டாகின்றன. தீய்ந்த சுவை வந்த கணமே நிறுத்துங்கள். பஞ்சை வாரத்துக்கொரு முறையேனும் மாற்றுங்கள். இனிப்பூட்டிய திரவங்கள் சுருளில் கரியாகப் படியும், அவற்றைத் தவிருங்கள்.

நிக்கொட்டினைப் பொறுத்தவரை, நாளுக்கு ஒரு பெட்டி புகைத்த நான் 18 மில்லிகிராமில் தொடங்கினேன். முதலிலேயே குறைவாகத் தொடங்கி வீரம் காட்டுவோர் பசி தாளாமல் சிகரட்டுக்குத் திரும்புவதைக் கண்டிருக்கிறேன். பின்னர் 12, பின்னர் 6, இப்போது 3. ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் எடுத்தது. திறந்த தாங்கியில் எதை, எவ்வளவு ஊற்றுவது என்பதைத் தீர்மானிப்பவன் நான். இதுவே இக்கட்டுரையின் நடுப்பொருள்.

ஏனெனில், மூடிய பெட்டிகளை விற்போரின் நோக்கம் வேறு. புகையிலைக் கொம்பனிகள் இந்த வணிகத்துக்குள் நுழைந்த விதத்தைப் பாருங்கள். ஹொன் லிக்கின் காப்புரிமைகளை 2013 ஆம் ஆண்டு 75 மில்லியன் டொலருக்கு வாங்கியது இம்பீரியல் ரொபாக்கோவின் துணை நிறுவனம். 2018 டிசம்பரில் அமெரிக்காவின் ஜூல் நிறுவனத்தில் 35 சதவீதப் பங்குக்காக மார்ல்பரோ சிகரட்டின் உரிமையாளரான அல்ட்ரியா கொடுத்தது 12.8 பில்லியன் டொலர். இவர்களில் எவரும் கம்பியும் பஞ்சும் விற்க வரவில்லை. கம்பி, ஒரு சுருள் பல மாதம் போதும். பஞ்சு, ஒரு பை ஓராண்டுக்குக் காணும். மூடிய பெட்டியோ தீரத் தீர வாங்க வேண்டியது. சிகரட் பெட்டியின் அதே வணிகம், உறைதான் மாறியிருக்கிறது.

குப்பையும் அவ்வாறே. ஒருமுறை பாவித்து எறியும் மின்சிகரட்டுகள் பிரித்தானியாவில் 2023 ஆம் ஆண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 50 இலட்சம் எறியப்படுவதாக, மின்கழிவு மீள்சுழற்சிக்காக இயங்கும் மற்றீரியல் போக்கஸ் அமைப்பு மதிப்பிட்டது. ஒவ்வொன்றினுள்ளும் ஒரு லிதியம் பற்றரி. 2025 ஜூன் 1 முதல் அவற்றின் விற்பனை அங்கு தடைசெய்யப்பட்டது. உடனே அதே நிறத்தில், அதே பெயரில், மின்னேற்றும் துளை ஒன்று மட்டும் கூடுதலாகச் சேர்த்த பெட்டிகள் கடைகளுக்கு வந்தன. சட்டத்தின் சொல் காக்கப்பட்டது.

இனி வீட்டுச் சம்பவம். 2023 ஆம் ஆண்டு என் பேரனின் பாடசாலைப் பையிலிருந்து மாம்பழ வாசனையுடன் இளஞ்சிவப்பு நிறப் பெட்டி ஒன்று விழுந்தது. அவனுக்கு அப்போது வயது பதினான்கு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது இங்கு 2015 முதல் குற்றம். பாடசாலைக்கு அருகே ஒரு கடையில் வாங்கினானாம்; வயதை எவரும் கேட்கவில்லையாம்.

மகள் அவனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்கள்தானே இதை இந்த வீட்டுக்குள்ளே கொண்டுவந்தனீங்கள்” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல இருந்ததெல்லாம் வாயில் வந்து நின்றது. நான் விட்டது சிகரட்டை. அவன் தொட்டது வேறு பொருள். என்னுடையது வெளியேறும் வாசல், அவனுடையது உள்நுழையும் வாசல். எல்லாம் உண்மையே. ஆனால் அதே சாப்பாட்டு மேசையில், அவன் வீட்டுப்பாடம் செய்யும்போது எதிரே உட்கார்ந்து சுருள் சுற்றியவனும் நானே. “அம்மப்பாவின் ஆய்வுகூடம்” என்று அவன் சிறுவயதில் சொல்லிச் சிரித்ததை நானும் இரசித்திருக்கிறேன். குழந்தைகள் விளக்கவுரையைக் கேட்டு வளர்வதில்லை, பார்த்து வளர்கின்றன.

அன்றிரவு அந்த இளஞ்சிவப்புப் பெட்டியைப் பேரனுக்கு முன்னால் பக்குவமாக உடைத்தேன். உள்ளே என்ன இருந்தது? கறுத்த பஞ்சு, ஒரு சிறு சுருள், ஒரு பற்றரி. வெளியே அச்சிட்டிருந்ததன்படி 2 மில்லிலீற்றர் திரவம், 20 மில்லிகிராம் செறிவு. அதாவது மொத்தம் 40 மில்லிகிராம் நிக்கொட்டின். நாற்பத்திரண்டு ஆண்டு புகைத்த கிழவன் தொடங்கியது பதினெட்டில். புகைத்தே அறியாத பிள்ளை தொடங்கியது இருபதில். அந்தக் கணக்கை அவனே தாளில் எழுதினான்.

“அப்ப நீங்கள் ஏன் இன்னும் விடேல்லை, அம்மப்பா?” என்று கேட்டான்.

எழுபது வயதில் ஒரு செய்தியாளனை நேர்முகம் கண்ட கேள்விகளுள் மிகக் கூரியது அது. “விடமுடியாதபடி என்னைப் பிடித்துக்கொண்டது, உன்னை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை” என்று சொன்னேன். அவன் அதன் பின் தொடவில்லை என்றே நம்புகிறேன். நம்புகிறேன் என்பதற்கு மேல் எழுத எனக்கு ஆதாரம் இல்லை. அன்று முதல் என் கம்பியும் பஞ்சும் திரவமும் தோட்டக் கொட்டிலில் பூட்டிய பெட்டியில் இருக்கின்றன. முதலிலிருந்தே அங்கு இருந்திருக்க வேண்டியவை. நிக்கொட்டின் திரவம் சிறுபிள்ளை விழுங்கினால் உயிராபத்தான நஞ்சு என்பதையும் இங்கு சொல்லிவைக்க வேண்டும்.

ஆவி பாதுகாப்பானதா என்று கேட்போருக்கு என் விடை: இல்லை. சிகரட்டைவிடக் கெடுதி குறைந்ததா என்று கேட்டால்: ஆம். இரண்டையும் ஒருசேரச் சொல்லத் தயங்குவதாலேயே இந்த விவாதம் கெடுகிறது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டு, புகைத்தலைவிட ஏறத்தாழ 95 சதவீதம் கெடுதி குறைவு என்று மதிப்பிட்டது. அந்த எண்ணுக்கான ஆதாரம் மெலிந்தது என்று லான்செற் மருத்துவ இதழ் அதே ஆண்டு சாடியது. பல பத்தாண்டுப் பாவனையின் விளைவு எவருக்கும் தெரியாது; பொருளே அவ்வளவு பழையதன்று. 2019 இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் நோயில் 2020 பெப்ரவரி வரை 68 பேர் இறந்தனர். அதற்கு முதன்மைக் காரணம் கள்ளச் சந்தையில் கிடைத்த கஞ்சாச்சத்துக் குப்பிகளில் சேர்க்கப்பட்ட விற்றமின் ஈ அசற்றேற்று என்று கண்டறியப்பட்டது. எண்ணெய் எதுவும் தாங்கிக்குள் போகக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிகரட்டை விட இது உதவுமா? லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 886 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2019 இல் வெளிவந்தது. ஓராண்டின் பின், திரவம் ஊற்றும் மின்சிகரட் பெற்றோரில் 18 சதவீதத்தினர் புகையை விட்டிருந்தனர். நிக்கொட்டின் ஒட்டுத்தாள், கம் முதலியன பெற்றோரில் 9.9 சதவீதத்தினர். ஏறத்தாழ இருமடங்கு. ஆனால் விட்டவர்களுள், முதல் வகுப்பாரில் 80 சதவீதத்தினர் ஓராண்டின் பின்னும் மின்சிகரட்டைத் தொடர்ந்தனர். இரண்டாம் வகுப்பாரில் தமக்குத் தந்ததைத் தொடர்ந்தோர் 9 சதவீதத்தினர் மட்டுமே. இந்த இரண்டாவது எண்ணைக் கடைக்காரர் சொல்லமாட்டார். நானும் அந்த 80 இல் ஒருவன் என்பதால் சொல்கிறேன்.

கட்டுவதே ஒரு மோகமாகிவிடும் என்பதும் உண்மை. ஒரு தாங்கியுடன் தொடங்கி அலுமாரி நிறையச் சேர்த்தவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் சிகரட்டை விட்டனர். நிக்கொட்டினை விடும் எண்ணத்தையும் விட்டுவிட்டனர். ஒரே கருவி, ஒரே திரவம், ஆண்டுக்கொரு படி இறக்கம் என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள்.

பயணம் செய்வோருக்கு ஒரு வார்த்தை. நாம் உலகெங்கும் சிதறி வாழும் இனம். சட்டமோ நாட்டுக்கு நாடு வேறு. இந்தியா 2019 ஆம் ஆண்டு மின்சிகரட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, சேமிப்பு அனைத்தையும் தடைசெய்தது. சிங்கப்பூரில் 2018 முதல் வைத்திருப்பதே குற்றம். அவுஸ்திரேலியாவில் 2024 ஜூலை முதல் மருந்தகங்களில் மட்டுமே விற்பனை. இலங்கையில் புகையிலை சேர்ந்த மின்சிகரட்டுகள் 2016 இல் தடைசெய்யப்பட்டன. நான் கொழும்புக்குப் போகும்போது என் தாங்கியை லண்டனிலேயே விட்டுவிட்டு, நிக்கொட்டின் கம்மோடு போகிறேன். விமான நிலையத்தில் விளக்கம் சொல்லும் வயது எனக்கு இல்லை.

இதில் எனக்குப் புரியாத ஒன்று உண்டு. சுவாசப்பையை அழிப்பதாக நூறு வீதம் நிறுவப்பட்ட சிகரட் எங்கள் ஊரில் மூலைக்கு மூலை தாராளமாகக் கிடைக்கிறது. அரசாங்கங்களுக்கு அதில் வரி வருமானம். விட நினைப்பவனுக்கு உதவும் கருவிக்கோ கதவு அடைப்பு. மறுபுறம் பிரித்தானியாவிலோ கதவை அகலத் திறந்துவிட்டு, பதினான்கு வயதுப் பிள்ளைகள் உள்ளே ஓடிய பின்னரே காவலாளியைத் தேடினர். இரண்டும் பிழை. முதிர்ந்த புகைகாரனுக்கு மருந்தகத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ, நிறமும் பழவாசனையும் இல்லாமல், கட்டவும் குறைக்கவும் கற்றுக்கொடுத்து விற்கலாம். கட்டுவதற்குச் செலவாகும் அந்த அரை மணிநேரமே சிறுவர்களுக்கு நல்லதொரு வேலி. இடைவேளைக்குள் கழிவறையில் நின்று எவனும் சுருள் சுற்றமாட்டான்.

சென்ற மாதம் மகள் தோட்டக் கொட்டிலுக்கு வந்து, நான் பஞ்சு மாற்றுவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்ப எத்தனையில நிக்கிறீங்கள் அப்பா?” என்று கேட்டாள்.

“மூன்றில்” என்றேன்.

“அடுத்தது?”

பூச்சியம் என்று எழுதிய போத்தல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதை அவளுக்குக் காட்டினேன். இன்னும் திறக்கவில்லை.